மதிப்பு பூஜ்யம், ஆனால் ஃபங்டர் பூஜ்யமில்லை

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹோம், டென்சர், டார், எக்ஸ்ட் எல்லாம் பாடத்தில் படித்தாயிற்று. எது இடப்பக்கம் எக்ஸாக்ட் (கெர்னலைக் காப்பது, அதாவது அம்பு பூஜ்யத்துக்கு அனுப்பும் பகுதியை), எது வலப்பக்கம் எக்ஸாக்ட் (கோகெர்னலைக் காப்பது, அதாவது அம்பின் பிம்பத்தால் இலக்கை வகுத்ததை) என்று கேட்டால் சொல்லத் தெரியும். ஆனால் இயற்கணித வடிவியலில் இவற்றுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? கையில் மாட்யூல் இருக்கும்போது அதை விட்டுவிட்டு, மாட்யூல்களின் கேட்டகரி மீது ஓடும் ஃபங்டர்களைப் பற்றி எதற்குத் தனியாக யோசிக்க வேண்டும்?

இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் முதலாவது தானாகத் தெளியும். ஒரு ஃபங்டரை வளையத்தின் மீது மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு விடை வரும். அதே ஃபங்டரை எல்லா மாட்யூல்கள் மீதும் வைத்துப் பார்த்தால் முதல் விடையில் இல்லாத செய்திகள் வெளியே வரும். சில சமயம் வளையத்தின் மீது ஃபங்டரின் மதிப்பு பூஜ்யமாகவே இருக்கும், ஆனால் ஃபங்டர் பூஜ்யமாக இருக்காது. வடிவியலுக்கு வேண்டிய செய்தி முழுக்க அந்த வித்தியாசத்தில்தான் உட்கார்ந்திருக்கும். அப்படி ஓர் உதாரணத்தைக் கடைசியில் முழுதாகக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் தூரம் நடக்க வேண்டும்.

குறியீடுகள்: வ என்பது எப்போதும் அலகு உள்ள பரிமாற்று வளையம். ம, ந என்பவை வ-இன் மேலுள்ள மாட்யூல்கள், அதாவது வ-இன் உறுப்புகளால் பெருக்கக்கூடிய கூட்டல் அமைப்புகள். ஃப என்பது மாட்யூலை வாங்கி மாட்யூலைத் தரும் ஃபங்டர். அது கூட்டலையும் வ-இன் பெருக்கலையும் மதிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அகராதி. வளையம் என்றால் ஏதோ ஒரு வெளியின் மீதுள்ள சார்புகள். மாட்யூல் என்றால் அந்த வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளியை நட்டு வைத்தது போன்ற அமைப்பு. புள்ளிக்குப் புள்ளி அதன் பரிமாணம் மாறலாம், பல இடங்களில் பூஜ்யமாகவும் இருக்கலாம். ழான்-பியேர் செர் 1955-இல் கோஹெரன்ட் ஷீஃப்களை இயற்கணித வடிவியலுக்குள் கொண்டுவந்தார். அஃபைன் வெளியின் மீது கோஹெரன்ட் ஷீஃப் என்பதும், முடிவுறு எண்ணிக்கையில் பிறப்பிகள் கொண்ட மாட்யூல் என்பதும் ஒன்றே என்று அப்போது காட்டினார். அன்றிலிருந்து மாட்யூல் மீது செய்யும் எந்த வேலையும் வெளியின் மீது செய்யும் வேலையாகிவிட்டது.

வ → ய என்று ஒரு வளைய ஹோமோமார்ஃபிசம் இருந்தால், ய-இன் வெளியிலிருந்து வ-இன் வெளிக்கு ஒரு மேப்பிங் கிடைக்கும். திசை திரும்பிவிடும், அதைக் கவனியுங்கள். இந்த மேப்பிங்கோடு மூன்று ஃபங்டர்கள் பிறக்கின்றன. வ-மாட்யூலை ய-வோடு டென்சர் செய்வது ஒன்று. கீழே உள்ளதை மேலே இழுத்துக் கொடுப்பது அது. ய-மாட்யூலை வெறும் வ-மாட்யூலாகப் பார்ப்பது இன்னொன்று, அதாவது மேலே உள்ளதைக் கீழே இறக்குவது. மூன்றாவது, ய-விலிருந்து ம-வுக்குப் போகும் ஹோமோமார்ஃபிசங்களை எடுப்பது. முதலாவது இரண்டாவதற்கு இட அட்ஜாயின்ட், மூன்றாவது அதற்கு வல அட்ஜாயின்ட். முதலிரண்டும் எல்லோருக்கும் பழக்கம். மூன்றாவதைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஃபைனைட் மேப்பிங்களில் டூயலிட்டி கோட்பாடு முழுவதும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்லி நகர்கிறேன்.

சரி, இப்போது ஓர் அம்பைக் காட்ட வேண்டும். இந்தப் பதில் முழுவதும் அந்த ஒரே அம்பைச் சுற்றித்தான் ஓடும்.

ஃப ஏதோ ஒரு ஃபங்டர். ம-வில் ஓர் உறுப்பை எடுங்கள். அந்த உறுப்பு, 1-ஐத் தன்னிடம் அனுப்பும் வ → ம என்ற ஹோமோமார்ஃபிசத்தைத் தருகிறது. ஃப-வை அதன் மேல் போட்டால் ஃப(வ) → ஃப(ம) கிடைக்கும். ம-வின் எல்லா உறுப்புகளுக்கும் இதைச் செய்து ஒன்றாகக் கட்டினால்

ஃப(வ) ⊗ ம → ஃப(ம)

என்ற அம்பு வந்துவிடுகிறது. நாம் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, எந்த நிபந்தனையும் போடவில்லை. ஃபங்டர் என்று ஒன்று இருந்தாலே இந்த அம்பும் கூடவே இருக்கிறது. இடப்பக்கம் இருப்பது, வளையத்தின் மீது மட்டும் ஃப-வைக் கணக்கிட்டுவிட்டு மீதியை ஊகித்தது. வலப்பக்கம் இருப்பது உண்மையான மதிப்பு. ஊகம் எப்போது உண்மையாகிறது?

ம என்பது வளையமே என்றால் அம்பு ஐசோமார்ஃபிசம். ஃப நேர்க்கூட்டல்களைக் காப்பாற்றும் என்றால், வ-வின் பல பிரதிகளைக் கூட்டிய ஃப்ரீ மாட்யூல்களுக்கும் அப்படியே. இனி எந்த மாட்யூலையும் இரண்டு ஃப்ரீ மாட்யூல்களுக்கு நடுவேயுள்ள அம்பின் கோகெர்னலாக எழுதலாம் அல்லவா? ஃப வலப்பக்கம் எக்ஸாக்ட் என்றால் கோகெர்னலை அது மதிக்கும். டென்சரும் மதிக்கும். ஆகவே எல்லா மாட்யூல்களுக்கும் அம்பு ஐசோமார்ஃபிசமாகிவிடுகிறது. அதாவது, வலப்பக்கம் எக்ஸாக்ட் ஆகவும் நேர்க்கூட்டல்களைக் காப்பதாகவும் உள்ள ஃபங்டர் எதுவானாலும் அது டென்சர்தான், வேறு வேடம் போட்டிருக்கலாம், அவ்வளவே. 1960-இல் ஐலன்பெர்க்கும் வாட்ஸும் தனித்தனியாகக் கண்ட தேற்றம் இது. பரிமாற்று அல்லாத வளையங்களுக்கும் இது பொருந்தும், அங்கே ஃப(வ) இருபக்க மாட்யூலாக இருக்கும்.

நிரூபணம் அரைப் பக்கம்தான். ஆனால் இது சென்ற தூரம் பெரிது. இரண்டு வெளிகளின் பெருக்கல் வெளி மீது ஒரு பொருளை வைத்து, அதோடு டென்சர் செய்து ஒரு வெளியிலிருந்து மற்றொரு வெளிக்குச் செய்தி கடத்துவது என்ற எண்ணத்துக்கு வித்து இதுதான். பெருக்கல் வெளி மீது வைக்கும் அந்தப் பொருளுக்கும் கெர்னல் என்றே பெயர், அம்பின் கெர்னல் வேறு. 1981-இல் முக்காய் அபேலியன் வெரைட்டிக்கும் அதன் டூயலுக்கும் இடையே டிரைவ்ட் கேட்டகரிகளின் (ஷீஃப்களின் காம்ப்ளெக்ஸ்களைப் பொருள்களாகக் கொண்டவை) சமானத்தைக் கட்டியது இப்படிப்பட்ட ஒரு கெர்னலை வைத்துத்தான். ஸ்மூத் ப்ரொஜெக்டிவ் வெரைட்டிகளின் டிரைவ்ட் கேட்டகரிகளுக்கு இடையே எந்தச் சமானம் இருந்தாலும் அது ஒரு கெர்னலிலிருந்தே வருகிறது என்று 1997-இல் ஓர்லொவ் நிறுவினார். ஐலன்பெர்க்–வாட்ஸ் தேற்றத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஓர்லொவின் தேற்றம் எதை எதிர்பார்த்து எழுந்தது என்பது புரியும். இன்னொரு பக்கம், 1962-இல் காப்ரியேல், நோத்தரியன் ஸ்கீமை அதன் க்வாசி-கோஹெரன்ட் ஷீஃப்களின் கேட்டகரியிலிருந்தே மீட்டெடுக்கலாம் என்று காட்டினார். மாட்யூல்களின் கேட்டகரி தெரிந்தால் வெளியும் தெரிந்துவிடுகிறது.

அம்புக்குத் திரும்புவோம். டென்சர் வலப்பக்கம் மட்டும்தான் எக்ஸாக்ட். அந்த இடப்பக்கக் குறைக்கு வடிவியலில் என்ன பொருள்?

கலப்பெண் கெழுக்கள் கொண்ட த-வின் பல்லுறுப்புக்கோவை வளையத்தை வ என்று எடுங்கள். அதன் வெளி ஒரு கோடு. அதன் மேல் இரண்டு வளையங்களைப் பார்ப்போம். முதலாவதில் க என்ற இன்னொரு மாறி, க² = த என்ற சமன்பாடு. இரண்டாவதில் அதே க, ஆனால் சமன்பாடு த·க = 0.

முதலாவது ஒரு பரவளையம், கோட்டின் மேல் படுத்திருக்கிறது. வ-மாட்யூலாக அதற்கு 1, க என்ற இரண்டும் அடிப்படை. ஃப்ரீ, தரம் 2. த = 1 என்ற புள்ளியின் மேலுள்ள இழையை எடுப்பது என்றால் த − 1-ஆல் வகுத்த வளையத்தோடு டென்சர் செய்வது. க² = 1 என்று ஆகி இரண்டு புள்ளிகள் வரும். த = 0-வில் க² = 0, ஒரே புள்ளிதான், ஆனால் வளையத்தின் பரிமாணம் அப்போதும் 2. இரண்டு புள்ளிகள் மோதி ஒன்றானதை வளையம் நினைவில் வைத்திருக்கிறது.

இரண்டாவதில் த பூஜ்யமில்லாத இடத்தில் க = 0 ஆகியே தீர வேண்டும், ஒரு புள்ளிதான் இழை. த = 0-வில் க-வுக்குத் தடையே இல்லை, ஒரு முழுக் கோடு எழுந்து நிற்கிறது. புள்ளியாக வந்துகொண்டிருந்த இழை திடீரென்று கோடாகிறது.

இந்த வித்தியாசத்தை ஃபங்டர் எப்படிப் பார்க்கிறது? வ-இன் மேல் த-ஆல் பெருக்குவது ஒன்றுக்கு ஒன்றான செயல். அதை நம் மாட்யூலோடு டென்சர் செய்யுங்கள். முதல் மாட்யூலில் த-ஆல் பெருக்குவது இன்னும் ஒன்றுக்கு ஒன்றுதான். இரண்டாவதில் க என்ற உறுப்பு பூஜ்யமில்லை, ஆனால் த·க பூஜ்யம். டென்சர் இங்கே எக்ஸாக்ட் தன்மையை இழக்கிறது. தன்னோடு டென்சர் செய்தால் எக்ஸாக்ட் தன்மை ஒருபோதும் கெடாத மாட்யூலை ஃப்ளாட் என்கிறோம். செர் 1956-இல் இதை அறிமுகப்படுத்தியபோது இயற்கணிதச் சார்புகளையும் பகுப்பாய்வுச் சார்புகளையும் ஒப்பிடுவதுதான் தேவையாக இருந்தது. அப்புறம் க்ரோதென்டீக் அதையே "இழைகள் ஒழுங்காக மாறும் குடும்பம்" என்பதற்கான வரையறையாக எடுத்துக்கொண்டார். முதல் முறை படிக்கும் எவருக்கும் இந்த வரையறை வடிவியலோடு ஒட்டாதது போலத்தான் தெரியும். எனக்கும் மேலே உள்ள இரண்டு உதாரணங்களைக் கையால் போட்டுப் பார்த்த பிறகுதான் ஒட்டியது. த-வின் கோட்டின் மேல் ஃப்ளாட் என்பதற்கு ஒரே சோதனைதான்: பூஜ்யமில்லாத ஒரு பல்லுறுப்புக்கோவை பெருக்கி, பூஜ்யமில்லாத ஓர் உறுப்பைக் கொல்லக் கூடாது.

இனி டார். டென்சரின் இடப்பக்கக் குறையை அளப்பது டார் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் குறையைக் கண்ணால் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. நான்கு பரிமாண வெளி, ஆயங்கள் க, ச, ப, ர. முதல் தளம் க = ச = 0. இரண்டாம் தளம் ப = ர = 0. இரண்டும் ஆதிப்புள்ளியில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. இரண்டின் சேர்ப்பை ஒரே உருவமாக எடுங்கள். அதன் ஐடியலுக்கு க·ப, க·ர, ச·ப, ச·ர என்ற நான்கும் பிறப்பிகள். இப்போது மூன்றாவது தளம்: க = ப, ச = ர. இது அந்தச் சேர்ப்பை ஆதிப்புள்ளியில் மட்டும் வெட்டுகிறது. எத்தனை மடங்காக வெட்டுகிறது?

பொது அறிவு சொல்வது 2. மூன்றாவது தளத்தைக் கொஞ்சம் நகர்த்தி க = ப + 1, ச = ர என்று வைத்தால், அது முதல் தளத்தை ஒரு புள்ளியிலும் இரண்டாம் தளத்தை வேறொரு புள்ளியிலும் வெட்டும். மொத்தம் இரண்டு. நகர்த்துவதால் எண்ணிக்கை மாறக் கூடாது.

இப்போது டென்சர் போட்டுப் பாருங்கள். ப-வுக்குப் பதில் க, ர-வுக்குப் பதில் ச என்று போட்டால் பிறப்பிகள் க², க·ச, ச² ஆகின்றன. மீதமுள்ள வளையத்துக்கு அடிப்படை 1, க, ச. பரிமாணம் 3. இரண்டு வர வேண்டிய இடத்தில் மூன்று!

எங்கே ஒன்று கூடியது? சேர்ப்பின் மீதுள்ள ஒரு சார்பு என்பது இரண்டு தளங்கள் மீதும் தனித்தனியே ஒரு சார்பு. ஆதிப்புள்ளியில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஆகவே ஓர் எக்ஸாக்ட் தொடர் இருக்கிறது: சேர்ப்பின் சார்புகள், அடுத்து இரண்டு தளங்களின் சார்புகளின் ஜோடிகள், அடுத்து ஆதிப்புள்ளியில் வித்தியாசத்தைத் தரும் கலப்பெண். இந்தத் தொடரை மூன்றாவது தளத்தோடு டென்சர் செய்யுங்கள். தளத்தைத் தளம் ஒழுங்காக வெட்டுவதால் நடுவில் டென்சரின் பரிமாணம் 1 + 1 = 2, டார் எதுவும் இல்லை. ஆதிப்புள்ளியோடு டென்சர் செய்தால் மூன்றாவது தளம் இரண்டு சமன்பாடுகளால் ஆனது என்பதால் டென்சர், டார்-1, டார்-2 ஆகியவற்றின் பரிமாணங்கள் 1, 2, 1. நீண்ட எக்ஸாக்ட் தொடரில் இவற்றைப் பொருத்தினால், சேர்ப்புக்கு டென்சரின் பரிமாணம் 2 + 2 − 1 = 3. ஆதிப்புள்ளியின் டார்-2 நேராகச் சேர்ப்பின் டார்-1 ஆகிறது, அதன் பரிமாணம் 1. அதற்கு மேல் எதுவும் இல்லை.

3 − 1 = 2. சரியான விடை டென்சரிடம் இல்லை, எல்லா டார்களையும் கூட்டல் கழித்தல் மாறி மாறிப் போட்டு எடுத்த தொகையிடம்தான் இருக்கிறது. 1950-களின் இறுதியில் செர் வெட்டு எண்ணிக்கைக்குக் கொடுத்த வாய்பாடு இதுவே. வளைவரைகளைத் தளத்தில் வெட்டும்போது மேல் டார்கள் பூஜ்யமாகிவிடுவதால் வெறும் டென்சரே போதும் என்று தோன்றும். உயர் பரிமாணத்துக்குப் போனவுடன் அந்தப் பழக்கம் ஏமாற்றிவிடும். இந்தத் தொகை எல்லா ரெகுலர் வளையங்களிலும், பரிமாணங்கள் பொருந்தும்போது, கண்டிப்பாக மிகை எண்ணாகவே இருக்குமா என்ற செரின் கேள்வி முழுப் பொதுத்தன்மையில் இன்னும் தீரவில்லை.

நகர்த்துவதால் எண்ணிக்கை மாறக் கூடாது என்றேனே, அந்த இடத்தையும் கிட்டே போய்ப் பார்த்துவிடலாம். 1-க்குப் பதிலாக த தூரம் நகர்த்துங்கள்: க = ப + த, ச = ர. க·ர = 0 என்பது (ப + த)·ர = 0 ஆகிறது. ச·ப = 0 என்பது ர·ப = 0 ஆகிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் த·ர = 0. ர பூஜ்யமில்லை, த அதைக் கொல்கிறது. சற்று முன் த·க = 0 என்ற உதாரணத்தில் கண்ட அதே நோய்! த = 0-வில் கூடுதலாக முளைத்த ஒரு பரிமாணம் இந்த ர-தான். இருதளச் சேர்ப்பு கோஹன்-மெக்காலே (இப்படி வெட்டும்போது மேல் டார் முளைக்காத நல்ல உருவம்) அல்ல என்று புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லிவிடும். அந்த வரிக்கு உள்ளே இருப்பது இந்தக் கழித்தல் கணக்கு.

கடைசிக் கட்டத்துக்கு வருகிறேன். ஃபங்டரையே பொருளாகப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பத்தில் சொன்னது இங்கேதான் முழு வலிமையோடு தேவைப்படுகிறது.

வ-இன் வெளிக்கு மேல் ப்ரொஜெக்டிவ் வெளிகளின் ஒரு குடும்பம், அதன் மீது ஒரு கோஹெரன்ட் ஷீஃப், அந்த ஷீஃப் வ-இன் மேல் ஃப்ளாட், வ நோத்தரியன் (அதன் ஒவ்வோர் ஐடியலுக்கும் முடிவுறு எண்ணிக்கையில் பிறப்பிகள் உண்டு). ஒவ்வொரு வ-மாட்யூல் ம-வுக்கும், ஷீஃபை ம-வோடு டென்சர் செய்து கோஹோமாலஜி எடுங்கள். ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரு ஃபங்டர் கிடைக்கிறது. அவற்றை ஃப0, ஃப1, ஃப2 என்போம். ஃப0(வ) என்பது மொத்தக் குடும்பத்தின் மீதுள்ள செக்‌ஷன்கள், அதாவது ஷீஃபுக்கு முழு வெளியிலும் உள்ள உறுப்புகள். ம-வுக்கு ஒரு புள்ளியின் புலத்தைப் போட்டால் கிடைப்பது அந்த ஓர் இழையின் மீதுள்ள செக்‌ஷன்கள். மொத்தக் குடும்பத்தில் கணக்கிட்டதைக் கொண்டு இழையில் உள்ளதைச் சொல்லிவிட முடியுமா என்பதே பேஸ் சேஞ்ச் கேள்வி. அந்தக் கேள்வியும் நம்முடைய ஃப(வ) ⊗ ம → ஃப(ம) என்ற அம்பும் ஒன்றுதான். அம்பு எல்லா ம-வுக்கும் ஐசோமார்ஃபிசம் ஆவதும் ஃப வலப்பக்கம் எக்ஸாக்ட் ஆவதும் ஒன்றே.

இங்கே ஓர் அற்புதம் உண்டு. முடிவுறு தரமுள்ள ஃப்ரீ மாட்யூல்களால் ஆன ஒரே ஒரு காம்ப்ளெக்ஸ் (அடுத்தடுத்த இரண்டு அம்புகளைச் சேர்த்தால் பூஜ்யமாகும் தொடர்), எல்லா ம-வுக்கும் ஒரே நேரத்தில் இந்தக் கோஹோமாலஜியைக் கொடுத்துவிடும், தேவைப்பட்டால் வெளியைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதாவது வெளியின் எல்லாச் சிக்கலும் கடைசியில் சில அணிகளாக இறங்கிவிடுகிறது. ஒரு புள்ளியின் இழையில் என்ன நடக்கிறது என்று கேட்டால், அணியின் உறுப்புகளில் அந்தப் புள்ளியை இட்டுப் பார்த்தால் போதும். அணியின் தரம் விசேஷமான புள்ளிகளில் குறையலாமே தவிரக் கூடாது. எனவே கோஹோமாலஜியின் பரிமாணம் அங்கே கூடலாமே தவிரக் குறையாது. செமிகன்டினியூட்டி தேற்றம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்கள்தான். கோஹோமாலஜிப் பரிமாணங்களை மாறி மாறிக் கூட்டிக் கழித்த தொகை மாறாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே, ஃப்ரீ மாட்யூல்களின் தரம் புள்ளிக்குப் புள்ளி மாறுவதில்லை.

ஃப0-வைத் தனியாகப் பாருங்கள். அது முதல் அணியின் கெர்னல், ஆகவே இடப்பக்கம் எக்ஸாக்ட். அந்த அணியைத் திருப்பிப் போட்டு அதன் கோகெர்னலை ந என்று அழைத்தால், ஃப0(ம) என்பது ந-விலிருந்து ம-வுக்குப் போகும் ஹோமோமார்ஃபிசங்களின் தொகுப்பு. டென்சருக்கு ஐலன்பெர்க்–வாட்ஸ் தேற்றம் சொன்னதன் மறுபக்கம் இது. ஃப0-வைப் பற்றிய எல்லாச் செய்தியும் ந-வில் இருக்கிறது, ஃப0(வ)-வில் அல்ல. மேலே உள்ள மற்ற ஃபங்டர்கள் பொதுவாக ஹோமும் அல்ல, டென்சரும் அல்ல, ஆனால் இரண்டு ஹோம் ஃபங்டர்களுக்கு நடுவேயுள்ள அம்பின் கோகெர்னலாக எழுதக் கூடியவை. அப்படிப்பட்டவற்றை ஆஸ்லாண்டர் 1966-இல் கோஹெரன்ட் ஃபங்டர் என்று பெயரிட்டு ஆராய்ந்தார். அவரது நோக்கம் வளையங்கள். 1998-இல் ஹார்ட்ஷோர்ன் அதே கருவியை இயற்கணித வடிவியலுக்குப் பயன்படுத்தினார். கோஹெரன்ட் ஃபங்டர்கள் தாமே ஓர் அபேலியன் கேட்டகரி. அவற்றின் கெர்னல், கோகெர்னல் எல்லாம் அந்தக் கேட்டகரிக்குள்ளேயே இருக்கும். மாட்யூலைக் கையாள்வது போலவே ஃபங்டரையும் கையாளலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி வாக்களித்த உதாரணம். ஓர் எலிப்டிக் வளைவரையை எடுங்கள், அதை மாற்றவே வேண்டாம். அதன் மீது டிகிரி 0 உள்ள லைன் பண்டில்களின் (ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பரிமாண வெக்டர் வெளி நட்டவை) குடும்பம் ஒன்று, த-வைப் பொறுத்து மாறுகிறது. த = 0-வில் அது ட்ரிவியல் பண்டில், மற்ற இடங்களில் ட்ரிவியல் அல்ல. த = 0-வுக்குப் பக்கத்தில் மட்டும் பார்க்கப் போவதால், த-வின் முடிவிலா அடுக்குத் தொடர்களின் வளையத்தை வ என்று கொள்வோம்.

டிகிரி 0 உள்ள, ட்ரிவியல் அல்லாத பண்டிலுக்குப் பூஜ்யம் தவிர வேறு செக்‌ஷன் கிடையாது. ட்ரிவியல் பண்டிலுக்கு மாறிலிகள் உண்டு, பரிமாணம் 1. அதன் முதல் கோஹோமாலஜியின் பரிமாணமும் 1. எனவே நம் காம்ப்ளெக்ஸில் இரண்டே இடங்கள் போதும், இரண்டிலும் வ-வின் ஒரு பிரதி. நடுவே உள்ள அணி 1×1 அணி, அதாவது வ-வின் ஓர் உறுப்பு. த = 0-வில் அது பூஜ்யமாக வேண்டும், மற்ற இடத்தில் பூஜ்யமாகக் கூடாது. ஆகவே அது த-வின் ஏதோ ஓர் அடுக்கு, அலகால் பெருக்கியது. எடுத்துக்காட்டாக த³ என்று வைத்துக்கொள்வோம்.

ஃப0(ம) என்பது ம-வில் த³ கொல்லும் உறுப்புகள். அப்படியென்றால் ந = வ/த³. ஃப1(ம) என்பது ம/த³ம, அதாவது வ/த³-வோடு டென்சர். ஒரே மாட்யூல், ஒரு படிநிலையில் ஹோம் வழியாகவும் அடுத்ததில் டென்சர் வழியாகவும் தலைகாட்டுகிறது.

வளையத்தின் மீது ஃப0-வின் மதிப்பு? அடுக்குத் தொடர்களில் த³ எதையும் கொல்லாது. ஃப0(வ) = 0. மொத்தக் குடும்பத்தின் மீது செக்‌ஷனே இல்லை. த = 0 இழையிலோ பரிமாணம் 1. அம்பின் இடப்பக்கம் பூஜ்யம், வலப்பக்கம் ஒன்று, பேஸ் சேஞ்ச் தவறிவிட்டது. பல பாடங்கள் இந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் அந்த 3 எங்கே போயிற்று? ஃப0(வ)-வில் அது தெரியவில்லை. இழையிலும் தெரியவில்லை, த என்றாலும் த³ என்றாலும் த⁷ என்றாலும் இழையில் விடை 1-தான்.

வேறு மாட்யூல்களைப் போடுங்கள். வ/த² மீது த³ எல்லாவற்றையும் கொல்கிறது. ஆகவே இழையில் இருந்த மாறிலி 1 என்ற செக்‌ஷன், த²-ஐப் பூஜ்யமாகப் பாவிக்கும் மெலிதான தடிப்பு வரை நீள்கிறது. வ/த³ மீதும் நீள்கிறது. வ/த⁴ மீது? அங்கே த³ கொல்லும் உறுப்புகள் எல்லாம் த-வின் மடங்குகள், இழைக்கு வந்தால் பூஜ்யமாகிவிடும். 1 நீளாது. எங்கும் பூஜ்யமாகாத செக்‌ஷன் நீள்வதும் பண்டில் ட்ரிவியலாகவே இருப்பதும் ஒன்று. ஆக இந்தக் குடும்பம் த³ வரை ட்ரிவியல் பண்டிலாகவே நின்று, அதற்கு அடுத்த படியில்தான் விலகுகிறது. அந்த 3 என்ற எண், பண்டில்களின் வெளியில் நம் குடும்பம் வரையும் பாதை, ட்ரிவியல் பண்டில் என்ற புள்ளியை எத்தனை மடங்காகத் தொடுகிறது என்பதன் அளவு.

ஃப0-வை வ/த, வ/த², வ/த³, வ/த⁴, வ/த⁵ என்று வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றின் பரிமாணத்தையும் நீங்களே எண்ணிப் பாருங்கள். 1, 2, 3, 3, 3 என்று வரும். ஏறுவது நிற்கும் இடம்தான் பண்டில் விலகும் இடம். அடுத்து ஒரு மாறிக்குப் பதிலாக க, ச என்ற இரண்டு மாறிகள் உள்ள வளையத்தை எடுத்து, வ-வின் ஒன்று, இரண்டு, ஒன்று என்ற எண்ணிக்கையில் பிரதிகள் கொண்ட மூன்று இடங்களில் காம்ப்ளெக்ஸைக் கட்டி, முதல் அணியில் க, ச என்பவற்றையும் இரண்டாவதில் −ச, க என்பவற்றையும் உறுப்புகளாக வைத்து, ந-வைக் கண்டுபிடியுங்கள். அங்கே ஃப1 ஹோமும் ஆகாது, டென்சரும் ஆகாது. ஆஸ்லாண்டரின் வரையறை ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பது அந்தக் கணக்கின் பாதியிலேயே தெரிந்துவிடும்.